ரத்தக் குறையை ஸ்டீராய்டு நிரப்பாது

எழுபது கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒன்றரை லிட்டர் வடிந்த பிறகுதான் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும். அதுவரை தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் குழாய்களை இறுக்கி, மிஞ்சிய ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் உடல் திருப்பிவிடுகிறது. கைகால் சில்லிடுவது அதனால்தான்; நாடி படபடப்பதும் இந்தச் சமாளிப்பின் பகுதியே. அழுத்தம் சரிந்தால், உடலின் சமாளிப்பு முடிந்தது என்று பொருள்.

1960களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் லில்லஹை போன்றோர் இந்த இறுக்கத்தையே எதிரியாகக் கண்டார்கள். ஸ்டீராய்டை மிகப் பெரிய அளவில் செலுத்தினால் குழாய்கள் தளர்ந்து திசுக்களுக்கு ரத்தம் பாயும் என்பது அவர்கள் கணக்கு. நாய்களிடம் நடந்த சில சோதனைகள் நம்பிக்கை தந்தன. ஆனால், குழாய் விரிந்தாலும் உள்ளே ஓட ரத்தம் வேண்டுமே! அந்த நம்பிக்கை நோயாளிகளிடம் பலிக்கவில்லை.

தலைக்காயம் பட்ட 10,008 பேரிடம் நடந்த 'கிராஷ்' ஆய்வு, ஸ்டீராய்டு தீங்கே செய்யக்கூடும் என்று 2004இல் காட்டியது. மெத்தில்பிரட்னிசலோன் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21.1 சதவீதத்தினர் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதத்தினர். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தொற்றை எதிர்க்கும் திறனைக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ரத்தப்போக்கில் பலன் தந்த மருந்து வேறு. 2010இல் வெளியான 'கிராஷ்-2' ஆய்வில், 20,211 பேரிடம் சோதிக்கப்பட்ட டிரானெக்ஸாமிக் அமிலம் இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைத்தது. அதுவும் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான்; தாமதித்தால் தீங்கு. முதன்மையான சிகிச்சை எப்போதும் ஒன்றுதான்: கசிவை அடைப்பது, ரத்தம் ஏற்றுவது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வாரக்கணக்கில் பிரட்னிசலோன் உட்கொள்பவரின் அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போயிருக்கலாம். அப்படியானால், விபத்தின்போது உடலுக்குத் தேவையான கார்ட்டிசோலை அது சுரக்காது. ரத்தம் ஏற்றியும் அழுத்தம் எழாமல் போகலாம். இவர்களுக்கு உடனடியாக 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் தேவை. அதை மருத்துவர் அறிய வேண்டுமானால், யாராவது சொல்ல வேண்டும்.

எனவே, ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் அதற்கான மருந்துச் சீட்டைப் பணப்பையில் வைத்திருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெயர் தெரியாத வலிப் பொடிகளை வாங்காதீர்கள்; அவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எதிரில் ஒருவர் ரத்தம் சிந்தினால், சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்தபடியே 108ஐ அழையுங்கள்.