கல் ஓரிடம், உடல் ஓரிடம்

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்கு யாரை அழைத்துப் போனாலும், வாசலிலேயே நிறுத்தி முதலில் தரையைப் பார்க்கச் சொல்வேன். ஆலயத்தைச் சுற்றிக் கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைப் பலகைகள். ஆங்கிலம், லத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் எனப் பல மொழி எழுத்துகள். அவற்றில் ஒன்று 1652இல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். ஆலயம் கட்டி முடிந்ததோ 1680இல். கட்டடத்தைவிடக் கல் 28 வயது மூத்தது எப்படி?

அந்தப் பலகைகள் வேறிடத்திலிருந்து வந்தவை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்பாடு சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறை மண்டபங்களின் மறைவில் நின்று தாக்கியது. முற்றுகை முறிந்த பிறகு கம்பெனியார் அந்த மண்டபங்களை இடித்துவிட்டு, எழுத்துள்ள பலகைகளை மட்டும் பெயர்த்துவந்து ஆலய முற்றத்தில் பதித்தார்கள். ஹைதர் அலியோடு போர் நடந்த 1782இல் அவற்றில் பல மறுபடி பெயர்க்கப்பட்டுப் பீரங்கி மேடைக்குப் போயின. மூலை உடைந்த பலகைகளைக் காணும்போது எனக்கு அந்தப் போர்தான் நினைவுக்கு வரும். இறந்தவர்களின் உடல்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. இடிபடாமல் தப்பிய கல்லறைகளில் ஒன்று உயர் நீதிமன்றப் பக்கம் கூர்ங்கோபுரமாக நிற்கிறது. அதன் அடியில் இருப்பது ஆளுநர் எலிஹு யேலின் சின்ன மகன் டேவிட். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரின் பிள்ளை சென்னை மண்ணில் கிடக்கிறான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கிருந்து நடந்தே பாரிமுனை ஆர்மீனியன் தெருவுக்குப் போய்விடலாம். இரைச்சலான அந்தத் தெருவில், 1772இல் எழுப்பிய ஆர்மீனிய ஆலயத்தின் கதவைத் தாண்டினால் முற்றம் முழுக்கக் கல்லறைகள். இங்கே தேட வேண்டியவர் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் அவர் கையால் சென்னையில் அச்சானது. பத்திரிகை படிக்கிற யாரும் அந்தக் கல்லின் முன் ஒரு நிமிடம் நிற்கலாம்.

இன்னொரு ஆர்மீனியர், வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், வேப்பேரியில் இருக்கிறார். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் அவர். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கொடைதான். பழைய பாலம் போய், மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. 1751இல் இறந்தவரை, அவரே கட்டிய வேப்பேரிச் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். இன்றைய புனித மத்தியாஸ் ஆலயம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பின்னர் அதே வேப்பேரியில் தங்கி விவிலியத்தைத் தமிழாக்கிய பெப்ரீசியுஸ், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியும் அச்சிட்டார். ஆர்மீனிய வணிகரும் ஜெர்மானியத் தமிழறிஞரும் ஒரே பேட்டையில்! என்னைக் கேட்டால், சென்னை வரலாறு படிக்க வருகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் வேப்பேரி.

பழையவை போதும், வாழும் கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கீழ்ப்பாக்கம் வாருங்கள். எங்கள் தாத்தா, பாட்டி, பெரியப்பா மூவரும் அங்கே ஒரே குழியில். இடம் இல்லாத ஊரில் ஒரு குழியைக் குடும்பமே பகிர்ந்துகொள்கிறது. அன்று காலையிலேயே அத்தை கல்லைக் கழுவிவிடுவார். பிறகு சாமந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி. பக்கத்துக் கல்லறைக்கு யாரும் வரவில்லையென்றால் அதற்கும் ஒரு கைப்பிடிப் பூ வைக்காமல் கிளம்ப மாட்டார்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காலை வெயில்தான் நல்லது. வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். கோட்டைக்குப் போகும்போது அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். முக்கியமாக, படித்ததைப் படம் பிடித்து வையுங்கள். மழையும் காலடியும் தேய்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெயர்களில் பலவற்றுக்கு வேறு சாட்சி இல்லை.