கொள்ளைக் கப்பல்கள் சுற்றிய கடல் நம்ம கடலூர்க் கடல்! தெரியுமா?

மங்கலம்பேட்டையில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. பக்கத்தில் விருத்தாசலம், அங்கே பீங்கான் சூளைகள். கடற்கொள்ளையருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பஸ் பிடித்துக் கடலூருக்குப் போய் இறங்குங்கள், சொல்கிறேன்!

பீரங்கியால் நிலம் அளந்த கதை தெரியுமா? 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கே! சும்மா விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகவும் கைதேர்ந்த ஆளாகவும் பார்த்து வரவழைத்தார்கள். டமார்! சிக்கிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

அந்தக் கோட்டைக்குப் பொறுப்பேற்க வந்த ராபர்ட் கிளைவ், வழியில் என்ன செய்தார் தெரியுமா? 1756 பிப்ரவரியில் கொங்கண் கரையில் மராத்தியக் கடற்படைத் தலைவர் துளாஜி ஆங்கரேயின் விஜயதுர்க் கோட்டையைத் தாக்கினார்! ஆங்கரேக்கள் கொள்ளையர்கள் என்பது கம்பெனியின் கட்சி. கிடைத்ததோ சுமார் 10 லட்சம் ரூபாய்! வேடிக்கை என்னவென்றால், கோட்டையைப் பிடிப்பதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசி முடித்துவிட்டார்கள்! இதில் யார் கொள்ளையர்? மும்பையில் இன்று இந்தியக் கடற்படைத் தளத்தின் பெயரே ஐ.என்.எஸ். ஆங்கரே!

சண்டைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து கொள்ளையடித்ததுண்டா? உண்டு! 1733-ல் பரங்கிப்பேட்டையில் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி கடை விரித்தது. ஜென்மப் பகையாளிகளான ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றாகப் போய்ச் சரக்கை அள்ளிக்கொண்டார்கள்!

இப்போது சொல்லப்போவதுதான் உச்சம். ஒரே ஒரு ஆள் ஒரு கோட்டையைக் காப்பாற்றிய கதை! தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, சுமார் முப்பது வருஷம்! கையில் காசில்லை. என்ன செய்தார்கள்? வங்காளக் கப்பல்களின் மேல் பாய்ந்தார்கள்! முகலாயப் பேரரசின் மீது 1642-லேயே போர் அறிவித்துவிட்டதால், பிடித்ததெல்லாம் கொள்ளை இல்லையாம், போர் வருமானமாம்! கோட்டையிலிருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, 1655 வாக்கில் மிஞ்சியவர் ஒருவர்தான். எஸ்கில்ட் கோங்ஸ்பாக்! எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள். கப்பம் கேட்டு தஞ்சை நாயக்கரின் படை வந்து முற்றுகை போட்டும் கொடியை இறக்கவில்லை மனுஷர்! பிடித்த கப்பல்களின் பணத்தில் ஊரைச் சுற்றி மதிலே கட்டிவிட்டார்! 1669-ல் கடைசியில் டென்மார்க் கப்பல் வந்து சேர்ந்தது. தண்டனையா கொடுத்தார்கள்? அவரையே முறைப்படி ஆளுநர் ஆக்கினார்கள்!

நம் புளியைக் கொள்ளையர் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? முத்தையும் ரத்தினத்தையும் வியாபாரிகள் அவசரத்தில் விழுங்கிவிடுவார்களாம். பிடிபட்டவருக்குப் புளியைக் கடல் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து வயிற்றைக் கலக்கவிட்டார்கள் குஜராத் கரைக் கொள்ளையர்கள்! சொன்னவர் மார்கோ போலோ. மேற்குக் கரையில் இருபது முப்பது கப்பல்கள், ஒன்றுக்கொன்று ஐந்தாறு மைல் இடைவெளி விட்டு, நூறு மைல் நீளத்துக்குக் கடலில் வலை விரித்து நிற்குமாம்! தப்ப முடியுமா?

வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயரைக் கதறவிட்ட பிரெஞ்சுக்காரர் ராபர்ட் சுர்கூஃப். 1800 அக்டோபரில் அவர் பிடித்த 'கென்ட்' கப்பலில் இருந்தவர்கள் 400-க்கும் மேல்! இவர் ஆட்களோ 200 பேர்கூட இல்லை!

எம்டன் தெரியாதவர் உண்டா? ஜெர்மன் போர்க்கப்பல்தான், ஆனாலும் வணிகக் கப்பல்களை வேட்டையாடுவதே அதன் முழுநேர வேலை! ஆங்கிலேயக் கப்பல் மாதிரித் தெரிய, இருக்கிற மூன்று புகைபோக்கிகளோடு போலியாக நான்காவதையும் மாட்டிக்கொண்டு திரிந்தது தெரியுமா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமேல் அது வீசிய குண்டுகள் 120-க்கும் மேல்! எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதன் நினைவுக் கல் உயர் நீதிமன்ற மதில் பக்கம் இன்றும் இருக்கிறது. அடுத்த தடவை சென்னை போனால் தேடிப் பாருங்களேன்!