குகையும் நீரும்

அரபு மொழியில் குகையைக் குறிக்கும் சொற்களுள் 'கஹ்ஃபு', 'ஃகார்' என்னும் இரண்டும் தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு அறிமுகமானவை. நீண்ட துயில் கொண்ட இளைஞர்களின் வரலாற்றைக் கூறும் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் 'அல்கஹ்ஃபு' எனப் பெயர் பெற்றது. ஹிஜ்ரத்துப் பயணத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தங்கியிருந்த தவ்ர் மலைக் குகையோ 'ஃகார்' எனப்படுகிறது. மலையிலுள்ள அகன்ற குடைவு கஹ்ஃபு என்றும், சிறியதாயின் அது ஃகார் என்றும் 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியின் ஆசிரியர் இப்னு மன்ளூர் (இறப்பு ஹிஜ்ரி 711) வேறுபடுத்துவார்.

ஃகார் என்னும் சொல்லின் வேருக்கு ஆழ்ந்து இறங்குதல் என்பது பொருள். தாழ்நிலமாகிய யோர்தான் பள்ளத்தாக்கு 'அல்ஃகவ்ர்' எனப்படுவது இவ்வேரினால்தான். நிலத்தினுள் ஆழ்ந்து மறைந்துவிட்ட நீரும் 'ஃகவ்ர்' எனப்படும். 67ஆம் அத்தியாயமான அல்முல்க்கின் இறுதி வசனத்தில் நீரைக் குறித்து இச்சொல் ஆளப்பட்டுள்ளது. குகைக்கும் நிலத்தில் மறையும் நீருக்கும் ஒரே வேர் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. உலகின் பெருங்குகைகளுள் மிகப் பல, நிலத்தில் இறங்கிய நீர் குடைந்தவையே என்று நிலவியலார் கூறுகின்றனர்.

அது நிகழும் முறை எளியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் அது புகுந்து, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து அறைகளையும் சுரங்க வழிகளையும் உண்டாக்குகிறது. பின்னர் அந்நீர் அறையின் கூரையிலிருந்து சொட்டும்பொழுது, கரைந்திருந்த வாயு பிரிந்துவிட, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து எழுவது கல்முளை. அரபியில் இவற்றை முறையே 'ஹவாபித்' (இறங்குபவை), 'ஸவாஇத்' (ஏறுபவை) என்பர்.

இவ்வனைத்தையும் ஓரிடத்தில் காண விழைவோர்க்கு லெபனானின் ஜஈத்தா குகை தக்க சான்றாகும். பெய்ரூத்துக்கு வடக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், நஹ்ருல் கல்ப் ஆற்றின் பள்ளத்தாக்கில் இது அமைந்துள்ளது. மேல், கீழ் என இரு குகைகளும் சேர்ந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுடையவை. கீழ்க்குகையில் ஆறு ஓடுகிறது. பார்வையாளர் அதனுள் படகில் செல்வர். மாரிக் காலத்தில் நீர் பெருகினால் படகுப் பயணம் நிறுத்தப்படும். மேற்குகையை நடந்தே காண வேண்டும். அங்குள்ள ஒரு கல்விழுது 8.2 மீட்டர் நீளமுடையது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்ததெனக் கொண்டால், அதன் வயது 82,000 ஆண்டுகளாகும்.

இக்குகையின் அண்மைக்கால வரலாறு 1836இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் வில்லியம் தாம்ஸன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் ஏறத்தாழ 50 மீட்டர் உள்ளே சென்று துப்பாக்கியால் சுட்டார். திரும்பி வந்த எதிரொலி குகையின் பரப்பை உணர்த்திற்று. 1873இல் பெய்ரூத் நீர் வழங்கு நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆற்றின் வழியே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் முன்னேறினர். அவர்கள் தம் பெயர்களைத் தாளில் எழுதிப் புட்டியில் அடைத்து ஒரு கல்முளையின்மீது வைத்து மீண்டனர். சொட்டிய நீர் அப்புட்டியின்மீது வெண்படலம் போர்த்தி, அதனைக் கல்லோடு கல்லாகப் பிணைத்துவிட்டது. கீழ்க்குகை 1958இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கண்டறியப்பட்ட மேற்குகை 1969இல் திறக்கப்பட்டது. உள்நாட்டுப் போரினால் 1978இல் இரண்டும் மூடப்பட்டன. குகைக்குச் செல்லும் சுரங்க வழிகள் வெடிபொருட் கிடங்காயின. 1995இல்தான் மீண்டும் மக்கள் உள்ளே செல்ல முடிந்தது.

ஜஈத்தாவை ஆராயப் பொறியாளர்களை அனுப்பியது ஒரு நீர் நிறுவனம் என்பது கருதத்தக்கது. ஓமான் நாட்டின் 'மஜ்லிஸுல் ஜின்' குகையும் நீரைத் தேடியபொழுதே வெளியுலகுக்குத் தெரியவந்தது. நிலத்தடி நீரைத் தேக்கி வைக்கும் பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்த டான் டேவிசனும் அவர் மனைவி ஷெரில் ஜோன்ஸும் 1983இல் சல்மா மேட்டுநிலத்தில் சில துளைகளைக் கண்டனர். டேவிசன் கயிற்றைப் பற்றி ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கித் தரையை அடைந்தார். கீழே இருந்தது 310 மீட்டர் நீளமும் 225 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே கூடம். நடந்து நுழைய வாயில் கிடையாது. கூரையிலுள்ள மூன்று துளைகளே வழி. எனவே கயிற்றில் இறங்கும் பயிற்சியுடையோர்க்கே அக்காட்சி வாய்க்கும்.

ஏனையோர்க்கு ஓமானிலேயே, அல்ஹம்ரா நகருக்கு அருகில், அல்ஹூத்தா குகை உண்டு. 2006இல் திறக்கப்பட்ட இதன் உள்நீரில் பார்வையற்ற மீன்கள் வாழ்கின்றன. குஞ்சாக இருக்கையில் அவற்றுக்குச் சிறு கண்கள் உண்டு; வளர வளர அவை தேய்ந்து தோலால் மூடப்படுகின்றன. வெளியே ஓடைகளில் வாழும் அதே இன மீன்களுக்கோ கண்கள் குறைவற உள்ளன.

குகை காணச் செல்வோர் சில ஒழுங்குகளைப் பேண வேண்டும். கையின் எண்ணெய்ப் பசை படிந்த கல்லில் சுண்ணாம்பு சரிவரப் படியாது. ஒரு தொடுதல் அதன் வளர்ச்சியைக் கெடுத்துவிடக்கூடும். இடைவிடாது எரியும் விளக்கொளியில் பாசி முளைத்துக் கல்லின் நிறத்தை அழிக்கிறது. கூட்டம் மிகுந்தால் மூச்சுக்காற்றினால் குகையின் வெப்பமும் ஈரமும் மாறிவிடுகின்றன.

இவற்றினும் பெரிய கேடு வாயிலுக்கு வெளியே உள்ளது. மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்லக் கசிந்து, வடிகட்டப்பட்டு, தூய்மை அடைகிறது. சுண்ணாம்புப் பாறையில் அவ்வசதி இல்லை. வெடிப்புகளின் வழியே நீர் விரைந்து இறங்குகையில் மேலுள்ள கழிவுகளும் உடன் இறங்குகின்றன. பெய்ரூத் பெருநகர் அருந்தும் நீரின் பெரும்பகுதி ஜஈத்தா ஊற்றிலிருந்தே பெறப்படுகிறது. மலைமேல் உள்ள ஊர்களின் சாக்கடையும் தொழிற்கூடங்களின் கழிவும் முறையாக அகற்றப்படாவிடில், அவை அக்குகை ஆற்றிலேயே கலக்கும். படகில் செல்பவர் கண்டு வியக்கும் அந்தத் தெளிந்த நீர், மலைமேல் வாழ்வோரின் பொறுப்புணர்வைச் சார்ந்து நிற்கிறது.

ஆகவே குகையின் பாதுகாப்பு என்பது வாயிலில் காவலரை நிறுத்துவதோடு முடிவதன்று. அதற்கு மேலே மழை விழும் நிலம் முழுவதையும் காப்பதாகும். மேலே கொட்டப்படுவது கீழே வந்து சேர்கிறது. கீழே வந்து சேர்ந்ததை ஒரு நகரம் குடிக்கிறது. ஃகாரையும் ஃகவ்ரையும் ஒரே வேரில் வைத்துப் பேசிய மொழியின் மக்களுக்கு இவ்வுறவு புதியதாக இராது. குகைகளைக் காணப் பயணம் செல்வோரும், உள்ளே தொங்கும் கல்விழுதை நோக்குவதோடு நில்லாமல், அதன் நுனியில் திரளும் துளி எங்கிருந்து வருகிறது என்றும் வினவுவார்களாக.