ஒருமுறை நிகழ்ந்த போட்டி

மொழியில் வழக்கொழிந்த சொற்கள் இருத்தல்போல, விளையாட்டு உலகிலும் வழக்கொழிந்த போட்டிகள் உண்டு. ஒரு சொல் ஏன் வழக்கிழந்தது என ஆராய்ந்தால், அதனைப் பேசிய மக்களின் வரலாறு ஓரளவு விளங்கும். அவ்வாறே, ஒரு போட்டி ஏன் நின்றது என ஆராய்ந்தால், அதனை ஆடியோரின் வாழ்வு விளங்கும். 1908ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில், ஒரே ஒருமுறை பதக்கத்திற்குரியதாக நடைபெற்று மறைந்த 'ரியல் டென்னிஸ்' போட்டி அத்தகையது.

இன்று யாவரும் அறிந்த டென்னிசுக்கு இவ்வாட்டமே தாய் ஆகும். ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு நாட்டுத் துறவி மடங்களின் முற்றங்களில் பந்தை உள்ளங்கையால் அடித்து ஆடும் வழக்கம் தோன்றியது. அதனால் இதற்கு 'உள்ளங்கை ஆட்டம்' எனப் பொருள்படும் பெயர் பிரெஞ்சு மொழியில் அமைந்தது. கை நோவாதிருக்கப் பின்னர்க் கையுறை அணிந்தனர். 16ஆம் நூற்றாண்டில் நரம்பு பின்னிய மட்டை பெருவழக்காயிற்று. பந்தை அடிப்பவர் எதிரே நிற்பவரை நோக்கி, "இதோ, ஏற்றுக்கொள்க!" எனப் பிரெஞ்சு மொழியில் கூவிய சொல்லே 'டென்னிஸ்' எனத் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

இவ்வாட்டத்திற்குரிய களம் திறந்த வெளியன்று. நான்கு புறமும் உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த பெரிய கூடம் ஆகும். மூன்று பக்கச் சுவர்களை ஒட்டித் தாழ்வாரம்போன்ற சாய்ந்த கூரை செல்லும். ஆட்டத்தைத் தொடங்குபவர் அடிக்கும் பந்து, அக்கூரையின்மேல் உருண்டு எதிர்ப்பக்கத்தில் விழுதல் வேண்டும். சுவர்களில் பலகணிபோன்ற திறப்புகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றில் பந்தைப் புகுத்தினால் உடனே வெற்றிப்புள்ளி கிட்டும். நடுவே கட்டிய வலை, இரு முனைகளில் 5 அடி உயரமும் இடையில் 3 அடி உயரமுமாகத் தொய்ந்து நிற்கும். தக்கையின்மேல் துணிநாடாவை இறுகச் சுற்றிக் கையாலேயே தைத்து முடிக்கப்பெறும் பந்து, கனமுடையது, மிகுதியாக எழும்பாது.

இவ்வாட்டத்தின் விதிகளுள் ஒன்று வியப்புக்குரியது. பந்து இரண்டாம் முறை தரையில் பட்டால், இன்றைய டென்னிசில் புள்ளி உடனே முடிவாகிவிடும். இதிலோ, பல வேளைகளில், அப்பந்து இரண்டாம் முறை விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, முடிவைத் தள்ளிவைப்பர். பின்னர் ஆடுவோர் பக்கம் மாறி நின்று, அப்புள்ளிக்காக மீண்டும் ஆடுவர். முன்பு பந்தைத் தவறவிட்டவர், இப்போது பின்சுவருக்கு இன்னும் அண்மையில் தம் பந்து இரண்டாம் முறை விழுமாறு அடித்தால், அப்புள்ளி அவர்க்கு உரியதாகும். ஆதலின் உடல்வலிமையினும் நினைவும் சூழ்ச்சித்திறனும் இங்குப் பெரிதும் வேண்டப்படும்.

ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றி இவ்வாட்டத்தில் மிக்க ஈடுபாடு உடையவர். பிரெஞ்சு நாட்டிலும் அரசரும் பிரபுக்களும் இதனைப் போற்றினர். 1789ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் அவைக்கூடம் பூட்டப்பட்டிருக்கக் கண்ட மக்கட் பிரதிநிதிகள், வெர்சேல்ஸ் நகரில் இவ்வாட்டத்திற்கெனக் கட்டிய கூடத்தில் குழுமினர். நாட்டுக்கு ஓர் அரசியலமைப்பு வகுக்கும்வரை பிரியமாட்டோம் என்று அவர்கள் சூளுரைத்தனர். அரசர் குலம் விரும்பி ஆடிய கூடத்திலேயே அரசரின் தனியாட்சிக்கு எதிரான குரல் எழுந்தது!

19ஆம் நூற்றாண்டில் ரப்பர்ப் பந்து வந்தது. அது புல்தரையிலும் நன்கு எழும்பியது. 1874ஆம் ஆண்டு வால்டர் விங்ஃபீல்டு என்னும் பிரித்தானியர், புல்தரையில் ஆடும் டென்னிசுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1877ஆம் ஆண்டு விம்பிள்டனில் அதன் முதற் போட்டி நிகழ்ந்தது. 15, 30, 40 என எண்ணும் முறையை அப்போட்டி தன் தாயாட்டத்தினின்றே பெற்றுக்கொண்டது.

1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா முதலில் உரோம் நகரில் நடைபெறுவதாக இருந்தது. இத்தாலி அப்பொறுப்பினின்று விலகவே, இலண்டன் அதனை ஏற்றது. அங்குள்ள குவீன்ஸ் கிளப்பில் ரியல் டென்னிசுக்குரிய கூடங்கள் ஆயத்தமாக இருந்தன. ஆகவே அவ்வாட்டமும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றது.

ஆயினும் போட்டிக்கு வந்தோர் பதினொருவரே. அவருள் ஒன்பதின்மர் பிரித்தானியர், இருவர் அமெரிக்கர். அவ்விருவருள் ஒருவராகிய ஜே கூல்டு அப்போது 19 வயது இளைஞர். அவர்தம் தந்தையார் தம் மாளிகையிலேயே இவ்வாட்டத்திற்குக் கூடம் கட்டியிருந்தார். இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்தவர் யூஸ்டஸ் மைல்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் புலால் மறுத்தவர். மரக்கறி உணவின் சிறப்பைப் பற்றி நூல்கள் எழுதியவர். இலண்டனில் அத்தகைய உணவகம் ஒன்றும் நடத்தியவர். தம்மினும் ஏறத்தாழ 20 ஆண்டு மூத்தவரான அவரை வென்று கூல்டு தங்கப் பதக்கம் பெற்றார். மூன்றாம் இடம், ஓவியரான நெவில் லிட்டனுக்குக் கிடைத்தது.

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் விழாவில் இப்போட்டி இடம்பெறவில்லை. பின்னரும் இதற்குப் பதக்கம் வழங்கப்பெறவில்லை. காரணம் ஆட்டத்தின் சுவைக்குறைவு அன்று. புல்தரை டென்னிசுக்கு ஒரு வலையும், கோடிட்ட சமதரையும் போதும். இதற்கோ, பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய கூடம் வேண்டும். அத்தகைய கூடங்கள் சில நாடுகளிலேயே இருந்தன. அவையும் செல்வர் கைகளிலும் கழகங்களிலும் இருந்தன. உலகினர் யாவரும் கூடும் விழாவில், இரு நாட்டினர் மட்டுமே ஆடிய போட்டி எங்ஙனம் நிலைபெறும்?

எனினும் ஆட்டம் முற்றும் அழிந்திலது. இங்கிலாந்து, பிரான்சு, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இன்றும் ஆர்வலர் இதனை ஆடுகின்றனர். உலக வீரர் பட்டத்திற்கான போட்டியும் தொடர்ந்து நிகழ்கின்றது. ஆனால் ஒலிம்பிக் வரலாற்றில் இதற்கு இருப்பது ஓர் ஆண்டும் ஒரு வெற்றியாளர் பெயருமே.

புல்தரை டென்னிசும் 1924ஆம் ஆண்டுக்குப்பின் பதக்கத்திற்குரிய ஆட்டங்களினின்று நீங்கியது. எனினும் 1988ஆம் ஆண்டு மீண்டும் அவ்விடத்தைப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல நாட்டு மக்களும் அதனைக் கைவிடாமல் ஆடிவந்தனர். அதுவே அதன் வலிமை. தாய்க்கு வாயாத பேறு மகளுக்கு வாய்த்தது. அரசர் ஆதரவு ஓர் ஆட்டத்திற்குப் புகழ் தரலாம். ஆயினும் அதனை நெடிது வாழவைப்பது, எளிய சிறுவனும் மட்டையேந்தி உள்ளே புகுவதற்கு ஏற்பத் திறந்திருக்கும் வாயிலே ஆகும்.