இந்தக் கதை உனக்கு ஏன் பிடித்தது?

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் செய்கிற ஒரு வேலையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய விஷயம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்களில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பேர் ‘நேஷனல் ஹிஸ்டரி டே’ என்ற போட்டிக்காக உழைக்கிறார்கள். பெயரில்தான் ‘டே’, வேலையோ பல மாதம் நடக்கும். 1974-இல் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்து நகரில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் டேவிட் வான் டாஸல் இதைத் தொடங்கினார். ஆண்டுகளையும் பெயர்களையும் உருப்போடுவதுதான் வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்களே என்று அவருக்குக் கவலை. அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து பார்க்கிறார்கள் அல்லவா, வரலாற்றிலும் தாங்களே தேடிப் பார்க்கட்டுமே என்று நினைத்தார்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொதுக் கருப்பொருள் கொடுப்பார்கள். அதற்குள் எந்தத் தலைப்பை எடுப்பது என்பது பிள்ளையின் இஷ்டம். கட்டுரை எழுதலாம், கண்காட்சிப் பலகை செய்யலாம், ஆவணப்படம் எடுக்கலாம், நாடகம் போடலாம், இணையதளம் உருவாக்கலாம். உள்ளூரில் தேறினால் மாநிலப் போட்டி. அதிலும் தேறினால் ஜூன் மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இறுதிச் சுற்று.

செய்த வேலையோடு 500 சொல்லுக்குள் ஒரு குறிப்பும் தர வேண்டும். இந்தத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுத்தாய், எங்கெங்கே தேடினாய், உன் வாதம் என்ன, இது ஏன் முக்கியம் என்று அதில் எழுத வேண்டும். பார்த்த நூல்கள், கடிதங்கள், செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் எதற்கு உதவியது என்று இரண்டு வரி எழுதுவதும் உண்டு. பரிசு வாங்கும் பலகையைவிட இந்தக் குறிப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தனக்கு ஏன் இது பிடித்தது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை யோசித்து எழுதும்போது, அதன் விருப்பம் வெறும் விருப்பமாக நின்றுவிடுவதில்லை.

விருப்பத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ராய் ரோசென்ஸ்வைக், டேவிட் தெலன் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் சுமார் 1,500 அமெரிக்கர்களிடம் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசி, 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கடந்த காலத்தோடு நெருக்கத்தை எங்கே உணர்கிறீர்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. குடும்பம் கூடும் இடங்கள் முதலிடத்தில் வந்தன. பள்ளி வரலாற்று வகுப்பு கடைசியில் நின்றது. அதே மனிதர்கள்தான் வீட்டில் பழைய ஆல்பங்களைப் பாதுகாக்கிறார்கள், வம்சாவளி தேடுகிறார்கள், அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். மக்களுக்குக் கடந்த காலத்தில் அக்கறை இருக்கிறது. வகுப்பறை அதைத் தொடவில்லை.

இனி ஒரு பையனின் கதை. ஃபுளோரிடா மாநிலம் பென்ஸகோலாவைச் சேர்ந்த ஹன்ட்டர் ஸ்காட் 1996-இல் ‘ஜாஸ்’ படம் பார்த்தான். அப்போது அவனுக்கு 11 வயது. சுறா வேட்டைக்காரர் க்விண்ட், போர்க்காலத்தில் தான் இருந்த கப்பல் மூழ்கியதைச் சொல்லும் காட்சி அந்தப் படத்தில் உண்டு. இது உண்மையில் நடந்ததா என்று பையன் வீட்டில் கேட்டான். அங்கிருந்துதான் அவனுடைய ஹிஸ்டரி டே வேலை தொடங்கியது.

நடந்தது உண்மைதான். யு.எஸ்.எஸ். இண்டியானாபொலிஸ் என்ற போர்க்கப்பல், ஹிரோஷிமா அணுகுண்டின் பாகங்களை டினியன் தீவில் 1945 ஜூலை 26 அன்று இறக்கிவிட்டுப் புறப்பட்டது. ஜூலை 30, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோக்கள் இரண்டு அதைத் தாக்கின. 12 நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. ஏறத்தாழ 1,200 பேரில் சுமார் 300 பேர் கப்பலோடு போனார்கள், மற்றவர்கள் கடலில் மிதந்தார்கள். போக வேண்டிய லெய்ட்டே தீவுக்குக் கப்பல் போய்ச் சேரவில்லை என்பதைக் கடற்படையில் யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள், ரோந்து போன விமானம் ஒன்று தற்செயலாகப் பார்த்ததால் 316 பேர் பிழைத்தார்கள். படத்தில் க்விண்ட் சொல்லும் தேதி ஜூன் 29, அதாவது ஒரு மாதம் முன்னால். சினிமா சொன்னதை ஆவணத்தோடு ஒப்பிட்டால் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது இந்தத் தேதிதான்.

சுறா, நடுக்கடல், மரணம் எல்லாம் பதினொரு வயதுப் பையனை இழுக்கத்தான் செய்யும். அங்கேயே நின்றிருந்தால் அவனுடைய பலகையும் மற்ற பலகைகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் அவன் ஊரிலிருந்த கடற்படைத் தளத்தின் செய்தித்தாளில், தப்பிப் பிழைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவிப்புக் கொடுத்தான். ஒருவர் கிடைத்தார். அவர் வழியாக மற்றவர்களின் முகவரிகள் கிடைத்தன. எல்லாருக்கும் கேள்வித்தாள் அனுப்பினான். கடைசியில் ஏறத்தாழ 150 பேரிடம் பேசிவிட்டான். அந்தக் கிழவர்கள் சுறாவை விட்டுவிட்டுத் தங்கள் கேப்டனைப் பற்றிப் பேசினார்கள்.

கேப்டன் சார்ல்ஸ் மெக்வே பிழைத்து வந்தார். 1945 டிசம்பரில் அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, கப்பலை வளைந்து வளைந்து செலுத்தத் தவறியதால் அதை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தப் போரில் நூற்றுக்கணக்கான அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மூழ்கியிருக்க, எதிரி தாக்கிக் கப்பல் மூழ்கியதற்காக இப்படித் தண்டிக்கப்பட்ட கேப்டன் இவர் ஒருவர்தான். கப்பலை மூழ்கடித்த ஜப்பானியத் தளபதி ஹாஷிமோட்டோவையே வாஷிங்டனுக்கு வரவழைத்துச் சாட்சி சொல்ல வைத்தார்கள். வளைந்து போயிருந்தாலும் தாக்கியிருப்பேன் என்று அவர் சொன்னார். மெக்வே துணைக்கப்பல் கேட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கடல்வழியில் நீர்மூழ்கிகள் இருப்பது உளவுத்துறைக்குத் தெரிந்திருந்தும் அவருக்குச் சொல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் சிலர் பல ஆண்டுகள் அவருக்கு வசைக் கடிதங்கள் எழுதினார்கள். 1968-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

பையனின் விருப்பம் இங்கேதான் கேள்வியாக மாறியது. கப்பல் எப்படி மூழ்கியது என்று தொடங்கியவன், பழியை ஏன் ஒருவர் தலையில் போட்டார்கள் என்று கேட்க ஆரம்பித்தான். இந்தக் கேள்விக்கு நீதிமன்றப் பதிவு, உளவுச் செய்தி, கடிதங்கள் என்று தாள்களில் பதில் தேட முடியும். அவன் தேடினான். செய்தி பரவியது. 1999 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியபோது, தப்பிப் பிழைத்தவர்களோடு ஹன்ட்டரும் சாட்சி சொன்னான். மெக்வேயை மன்னிக்கும்படி ஹாஷிமோட்டோவும் ஜப்பானிலிருந்து செனட்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 2000 அக்டோபரில், மெக்வே குற்றமற்றவர் என்று காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு கடற்படையும் அதை அவருடைய பணிப் பதிவேட்டில் சேர்த்தது.

எல்லாம் ஒரு பையனால் நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. தப்பிப் பிழைத்தவர்கள் 1960-இலிருந்தே கூடிக் கூடித் தங்கள் கேப்டனுக்காக முறையிட்டு வந்தார்கள். அதுவரை அவர்கள் பேச்சைக் கேட்காதவர்கள், ஒரு பிள்ளை கேட்டபோது திரும்பிப் பார்த்தார்கள்.

இல்லினாய் மாநிலத்தில் நடந்ததும் இப்படித்தான். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் மூன்று பேர், தங்கள் ஆசிரியரின் துணையோடு, 1964-இல் மிஸிஸிப்பியில் கொல்லப்பட்ட ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்களைப் பற்றி ஹிஸ்டரி டே ஆவணப்படம் எடுத்தார்கள். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்தில் இருந்தவர்கள் அந்த இளைஞர்கள். கொலைக்குத் திட்டம் போட்டதாகச் சொல்லப்பட்ட எட்கர் ரே கில்லன் 1967 வழக்கில் தப்பிவிட்டார். வழக்கை மீண்டும் எடுக்க வேண்டும் என்று எழுந்த குரல்களில் மாணவிகளின் படமும் சேர்ந்தது. பத்திரிகையாளர் ஜெர்ரி மிட்செலின் பல ஆண்டு உழைப்பும், இறந்தவர்களின் குடும்பத்தாருடைய விடாப்பிடியும் அதைவிடப் பெரியவை. கொலை நடந்து சரியாக 41 ஆண்டு கழித்து, 2005 ஜூன் 21 அன்று கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

எல்லாப் பிள்ளைகளும் சட்டத்தையும் தீர்ப்பையும் மாற்றப்போவதில்லை. பெரும்பாலோர் பேஸ்பால், விமானம், நாய், பாட்டு என்றுதான் தொடங்குவார்கள். தாராளமாகத் தொடங்கட்டும். பேஸ்பால் பிடிக்கும் பிள்ளை ஜாக்கி ராபின்சனை எடுக்கும். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, கறுப்பினத்தாருக்கு இருந்த தடையை உடைத்த வீரர் அவர். அவர் தைரியசாலி என்று எழுதினால் வாழ்த்துமடல் ஆகிவிடும். கறுப்பினத்தாரைச் சேர்க்கக் கூடாது என்று விதி எதுவும் எழுதப்படாமலே அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்தத் தடை எப்படி நீடித்தது என்று கேட்டால் வேலை தொடங்குகிறது. அதற்கு ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பினத்தார் நடத்திய செய்தித்தாள்களைப் புரட்ட வேண்டும். அணி முதலாளிகள் என்ன சொன்னார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பிடித்தவரின் குறை கண்ணில் படாது, இது பிள்ளைகளுக்கும் பொருந்தும். மெக்வேயை நேசித்த மாலுமிகளை மட்டும் படித்தால் போதாது, மகனை இழந்த குடும்பத்தார் எழுதிய கடிதங்களையும் படிக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் இரண்டு வரி எழுத வைப்பதன் பயன் இங்கே தெரிகிறது. ஒரு பக்கத்தார் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டுக் கதையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அங்கே வேறொரு புதையல் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிமனிதத் தகவல்களை 72 ஆண்டுகள் பூட்டி வைத்துப் பிறகு திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. 1940-ஆம் ஆண்டுத் தாளில், வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் கையால் எழுதிய பெயர்களில் ஒன்றன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். வாசலில் நின்று பதில் சொன்னவர் இவர் என்பதற்கு அடையாளம் அது. கொள்ளுப் பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறியைப் பார்க்கும் பிள்ளை, வீட்டிலிருந்த மற்றவர்களின் வயதையும் படிப்பையும் சம்பளத்தையும் சொன்னவர் அவர்தான் என்று தெரிந்துகொள்ளும். அவர் சொன்னதெல்லாம் சரிதானா என்று கேட்கவும் தோன்றும்.

நம் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. 1946-இல் வந்த சட்டத்தின்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேற ஒதுக்கீடு. 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திரதேவி சிலையின் காலடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் அந்தக் கதவை அகலத் திறந்தது. எழுபதுகளில் டாக்டராகவோ பொறியாளராகவோ நம் ஊரிலிருந்து போனவர்கள் அந்த வழியாகப் போனவர்கள்தான். அவர்கள் பெட்டியில் கிடக்கும் விமான டிக்கெட்டும், முதல் வேலைக்கான கடிதமும் அமெரிக்க வரலாற்றின் ஆவணங்களே.

அதனால் அங்கே பிள்ளைகள் படிக்கிற வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். ஜெயிக்கிற தலைப்பு எது என்று கூகுளில் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்களே எடுக்கட்டும். தேர்ந்தெடுத்த பிறகு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், அந்தப் பேச்சைத் தேதியோடு பதிவு செய்து வையுங்கள். இண்டியானாபொலிஸில் தப்பிப் பிழைத்த 316 பேரில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் இருந்தபோதே ஒரு பிள்ளை போய்க் கேட்டதும், அவர்கள் சொன்னது இன்று நம் கையில் இருப்பதற்கு ஒரு காரணம்.