ஜெர்சியில் இருக்கும் பெயர் நம் பிள்ளையின் மனதில் என்ன செய்கிறது?

கிரிக்கெட் நடக்கும் நாட்களில் நம் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சிதான். இஷா தொழுதுவிட்டு வாப்பா வரும்போது பிள்ளைகள் ஏற்கெனவே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இடையில் ஏதாவது தவறான விளம்பரம் வந்தால் உடனே சேனலை மாற்றுகிறோம். விளம்பரம் முடிந்ததும் மறுபடியும் மேட்சுக்கு வந்துவிடுகிறோம். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நமக்கு ஒரு திருப்தி.

ஆனால் வீரரின் மார்பிலும் சட்டைக் கையிலும், பவுண்டரி ஓரத்துப் பலகையிலும், ஸ்டம்பிலும்கூட நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை நாம் விளம்பரமாகவே எண்ணுவதில்லை. சட்டையின் நிறத்தைப் போல அதுவும் ஒரு டிசைன் என்று விட்டுவிடுகிறோம். விளையாட்டு மேலாண்மை, சந்தைப்படுத்துதல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் அப்படி எண்ணுவதில்லை. முப்பது வினாடி விளம்பரத்தைவிட இந்தப் பெயர்கள் மனதில் அமைதியாக வேலை செய்யக்கூடியவை என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். பெற்றோராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஆய்வுகள் அவை.

நிறுவனங்கள் எதற்காகப் பணம் கொடுக்கின்றன?

ஒரு பெயரை அடிக்கடி பார்ப்பதாலேயே அதன்மீது மனிதனுக்கு ஒரு பிடிப்பு வந்துவிடும் என்பதை ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1968-ஆம் ஆண்டு சோதனைகள் மூலம் காட்டினார். பொருள் தெரியாத சொற்களையும் எழுத்துக்களையும் மக்களிடம் சிலவற்றை அதிக முறையும் சிலவற்றைக் குறைந்த முறையும் காட்டினார். அதிகமாகப் பார்த்தவற்றையே நல்லவை என்று அவர்கள் சொன்னார்கள். யாரும் அவற்றைப் புகழ்ந்து பேசவில்லை. கண்ணில் பட்டதே போதுமானதாக இருந்தது.

1999-ஆம் ஆண்டு கெவின் குவின்னர், ஜான் ஈட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைவிட ஒரு படி மேலே சென்றார்கள். ஒரு விளையாட்டுப் போட்டியின் பெயரோடு ஒரு நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துக் காட்டினால், அந்தப் போட்டியைப் பற்றி மக்கள் மனதில் இருக்கும் குணங்கள் நிறுவனத்தின் மீதும் ஒட்டிக்கொள்கின்றன என்பதை அவர்களின் ஆய்வு காட்டியது. வீரம், வெற்றி, உற்சாகம், நாட்டுப்பற்று என்று விளையாட்டு தரும் நல்ல உணர்வுகள் எல்லாம், அந்தச் சட்டையில் பெயர் பொறித்தவரின் கணக்கிலும் வரவாகின்றன. நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணம் கொடுப்பது துணியில் கிடைக்கும் இடத்துக்காக அல்ல, இந்த ஒட்டுதலுக்காகத்தான்.

கோவாவில் நடந்த ஆய்வு

இதற்கு மிக நெருக்கமான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1990-களில் இந்திய கிரிக்கெட்டின் பெரிய ஸ்பான்சர் ஒரு சிகரெட் பெயர். 1996-ஆம் ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பைக்கே 'வில்ஸ் உலகக் கோப்பை' என்றுதான் பெயர்.

அந்தக் காலத்தில் கோவாவைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர் சரத் வைத்யாவும் அவருடைய குழுவினரும், சிகரெட் நிறுவனம் ஸ்பான்சர் செய்த ஒரு கிரிக்கெட் தொடருக்குப் பிறகு பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 1996-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மைதானத்தில் எந்த வீரரும் சிகரெட்டைக் கையில் எடுக்கவில்லை. புகைத்துப் பாருங்கள் என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்லவும் இல்லை. இருந்தும் மேட்ச் பார்த்த பிள்ளைகளில் சிலர், புகைப்பதற்கும் நன்றாக விளையாடுவதற்கும் தொடர்பு இருப்பதாக நம்பினார்கள். அப்படி நம்பியவர்களிடம் சிகரெட்டைச் சுவைத்துப் பார்க்கும் போக்கும் அதிகமாக இருந்தது.

புகைத்தால் மூச்சு வாங்கும், ஓட முடியாது என்பது எந்த விளையாட்டு ஆசிரியருக்கும் தெரியும். அந்த உண்மைக்கு நேர் எதிரான எண்ணத்தை ஒரு சட்டையும் ஒரு பலகையும் பிள்ளையின் மனதில் விதைத்துவிட்டன. 2001-இல் அந்த நிறுவனம் கிரிக்கெட் ஸ்பான்சரிலிருந்து விலகிக்கொண்டது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விளையாட்டுப் போட்டிகளுக்குப் புகையிலைப் பொருட்களின் பெயரில் ஸ்பான்சர் செய்வதையே தடை செய்தது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

"சின்னப் பிள்ளைதானே, இதெல்லாம் அவனுக்கு எங்கே புரியப்போகிறது" என்று நாம் சொல்வதுண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 5 முதல் 12 வயது வரையுள்ள 164 பிள்ளைகளிடம் ஒரு பலகையையும் காந்தத் துண்டுகளையும் கொடுத்தார்கள். சில துண்டுகளில் விளையாட்டு அணிகளின் சின்னங்கள், சிலவற்றில் மது, சூதாட்டம், நொறுக்குத் தீனி உள்ளிட்ட நிறுவனங்களின் சின்னங்கள். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான பிள்ளைகள் குறைந்தது ஒரு ஸ்பான்சரையாவது அதற்குரிய அணியோடு சரியாகச் சேர்த்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு இது. யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்காமலே பிள்ளைகள் படித்துக்கொண்ட பாடம்.

பெயர் மாறியது, வழி மாறவில்லை

சிகரெட் போன இடத்துக்கு வேறு பெயர்கள் வந்தன. நம் நாட்டில் டிவியில் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு. அதனால் அதே பெயரில் சோடா, தண்ணீர் பாட்டில், இசை ஆல்பம் என்று விளம்பரம் வரும். பெயர் மனதில் பதிந்தால் போதும், எந்தப் பாட்டிலை வாங்க வேண்டும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும்.

அடுத்து வந்தவை பணம் கட்டி ஆடும் செயலிகள். 2023-இல் இந்திய அணியின் சட்டையில் இடம்பிடித்தது அப்படிப்பட்ட ஃபேன்டசி விளையாட்டு நிறுவனமான ட்ரீம்11. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிய பிறகே அந்தப் பெயர் சட்டையிலிருந்து நீங்கியது. அதற்கு முன்பே, ஆன்லைன் ரம்மி போன்றவற்றில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் துயரம் தமிழ்நாட்டைத் தனிச் சட்டம் கொண்டுவரச் செய்திருந்தது. அந்தக் குடும்பங்களின் கண்ணீரை நாம் மறந்துவிட முடியாது.

மதுவையும் சூதாட்டத்தையும் சூரத்துல் மாயிதாவின் 90-வது வசனம் ஒன்றாகச் சேர்த்தே தடுக்கிறது என்பதை மக்தபில் ஓதும் பிள்ளையும் அறியும். அறிவால் ஹராம் என்று தெரிந்த ஒன்று, தினமும் கண்ணில் பட்டுப் பட்டு, பிடித்த வீரரின் சட்டையில் பார்த்துப் பார்த்து, சாதாரணமாகிவிடுவதுதான் இங்கே உள்ள ஆபத்து. முதலில் வெறுப்பு போகும். தயக்கம் அதற்குப் பிறகு போகும்.

அம்லா காட்டிய வழி

இதையெல்லாம் மாற்றவே முடியாதா என்றால், முடியும். தென்னாப்பிரிக்க அணியின் ஸ்பான்சராக ஒரு பீர் நிறுவனம் இருந்த காலத்தில், ஹாஷிம் அம்லா அந்தச் சின்னம் இல்லாத சட்டையை அணிந்து விளையாட அனுமதி கேட்டார். வாரியமும் ஒப்புக்கொண்டது. 2012-இல் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 ரன் எடுத்து, தென்னாப்பிரிக்காவின் முதல் முச்சத வீரரானவரும் அவர்தான். கொள்கையைக் காத்ததால் அவருடைய இடம் பறிபோகவில்லை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து அணிகள் 2025-26 பருவத்தின் முடிவோடு சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனப் பெயர்களைக் கைவிடுவதாக 2023 ஏப்ரலில் ஒப்புக்கொண்டன. சட்டைக் கையிலும் மைதானப் பலகையிலும் அவை தொடரலாம் என்பது குறைதான். ஆனாலும் பொதுமக்களின் கவலையும் ஆய்வாளர்களின் எழுத்தும் சேர்ந்தால் பெரிய வியாபாரமும் ஓரடி பின்வாங்கும் என்பதற்கு இது சான்று.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பிள்ளைகளுடன் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். "இந்தப் பெயர் ஏன் இங்கே இருக்கிறது? இவர்கள் என்ன விற்கிறார்கள்? பணம் யாருக்குப் போகிறது?" என்று கேட்போம். டிவியை அணைப்பதைவிட இந்தக் கேள்விகள் நீண்ட நாள் நிற்கும். விளம்பரம் என்று தெரிந்து பார்க்கும் கண், தெரியாமல் பார்க்கும் கண்ணைப் போல எளிதில் ஏமாறாது.

இரண்டாவது, பிள்ளைக்கு ஜெர்சி வாங்கும்போது அதில் உள்ள பெயரைப் படித்துவிட்டு வாங்குவோம். நம் மஹல்லாக்களில் இளைஞர்கள் நடத்தும் போட்டிகளுக்கு ஸ்பான்சர் பிடிக்கும்போதும் இதே கவனம் தேவை.

மூன்றாவது, விளையாட்டு மேலாண்மை ஒரு படிப்பு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தப் பெயர் சட்டையில் ஏற வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் மேலாளராகவோ, ஆய்வாளராகவோ, வழக்கறிஞராகவோ நம் பிள்ளைகளும் ஒருநாள் உட்கார வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை, அடுத்த மேட்சின்போது ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோம்.