சிறு தோணியில் மீன்பிடி: புதியவர்க்குச் சில குறிப்புகள்

மண்கும்பான் தென்கரையிலிருந்து கயாக் என்னும் சிறு துடுப்புத் தோணியில் தூண்டில் போடத் தொடங்கும் கமக்காரர் முதலிற் காற்றை அறிதல் வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் அலையை எழுப்பும். ஆயினும் தோணியைக் கரைநோக்கித் தள்ளும். கார்த்திகை முதல் தை வரை வீசும் வாடை தரையைக் கடந்து வருதலால், கரையோரக் கடல் அமைதியாய்த் தோன்றும். அதனை நம்பிச் சென்றவரை அக்காற்றே வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். ஆதலால் வாடைக் காலத்திற் புதியவர் கடலில் இறங்கலாகாது.

பங்குனி, சித்திரையிற் காற்று அடங்கியிருக்கும் காலை வேளையே பழகுதற்கு ஏற்றது. இடுப்பளவு நீரில் தோணியைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மீண்டும் ஏறப் பழகுக. உயிர்காப்பு அங்கி அணிக. துடுப்பைக் கயிற்றால் தோணியுடன் பிணைக்க. நங்கூரக் கயிற்றைப் பக்கத்திற் கட்டினால் தோணி கவிழும், முனையிலேயே கட்டுக. தோணி கவிழ்ந்து ஏற இயலாவிடின், நீந்த முயலாது அதனைப் பற்றியிருக்க.